பாஸ்கலின் வண்டியும் என் ஆரஞ்சு அட்டையும்

சென்ற மாதம் ஒரு மாலை, என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நோட்டு, பேனா, செல்போன். மகளும் மருமகனும் சேர்ந்து அவரையும் அவர் மனைவியையும் பத்து நாள் பாரிஸுக்கு அனுப்பி வைக்கிறார்களாம்.

"சார், நீங்க பிரெஞ்சு படிச்சவரு. அங்க மெட்ரோவுக்கு என்ன அட்டை வாங்கணும், மியூசியத்துக்கு என்ன பாஸ் வாங்கணும், சொல்லிடுங்க. நெட்ல பாத்தா ஒரே குழப்பமா இருக்கு" என்றார்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் படிப்பு எனக்குப் பெரிய பதவி எதையும் வாங்கித் தரவில்லை. பழைய பிரெஞ்சு தஸ்தாவேஜு எதுவாவது வந்தால் மேலதிகாரிகள் என்னைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். இப்போது பாரிஸ் போகிறவர்கள் கூப்பிடுகிறார்கள். நண்பருக்கு வேண்டிய பதிலை அரை மணியில் சொல்லி முடித்தேன். அவர் போன பிறகு, பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கி, 1997இல் நான் வாங்கிய ஆரஞ்சு நிற அட்டையைத் தேடி எடுத்தேன். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எழுதத் தோன்றியது இது.

முதலில் பாஸ்கல். பள்ளியில் எங்களுக்கு பிளேஸ் பாஸ்கலைத் தத்துவ ஞானியாகவும் கணித மேதையாகவும் சொல்லிக் கொடுத்தார்கள். ரூவான் நகரில் வரிக்கணக்கு பார்த்த தன் தகப்பனாரின் கஷ்டத்தைக் குறைக்கக் கூட்டல் இயந்திரம் செய்தவர் என்பதும் பாடத்தில் இருந்தது. முப்பது வருஷம் பத்தி பத்தியாகக் கூட்டல் போட்ட எனக்கு, அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைப் பிடிக்கும். ஆனால் பாரிஸின் முதல் பொது வண்டியும் அவர் யோசனையில் பிறந்தது என்பதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. 1662 மார்ச் 18ஆம் தேதி, சேந்த் அந்துவான் வாசலிலிருந்து லுக்ஸாம்பூர் அரண்மனை வரை முதல் தடம் ஓடியது. குறித்த வழி, குறித்த நேரம், ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் வண்டி கிளம்பும். கட்டணம் ஐந்து சோல். அதனால் அந்த வண்டிகளுக்கே ஐந்து சோல் வண்டிகள் என்று பெயர். நகரைச் சுற்றிவந்த ஒரு தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தூரம் போனால் கூடுதலாக வாங்கினார்கள். இன்று மண்டலம் மண்டலமாகக் கட்டணம் வைக்கும் முறைக்கு அதையே முன்னோடி என்று சொல்லலாம்.

இவ்வளவும் நல்ல செய்தி. கெட்ட செய்தி, இந்த வண்டிகளுக்கு அனுமதி கொடுத்த பாரிஸ் நீதிமன்றம் போட்ட நிபந்தனை. சிப்பாய்கள், எடுபிடிகள், ஏவலாளர்கள், கையால் உழைத்துப் பிழைப்பவர்கள் ஏறக்கூடாது. காசு இருந்தாலும் ஏறக்கூடாது! பாஸ்கல் அதே வருஷம் ஆகஸ்டில் இறந்துபோனார். வண்டிகள் ஏறத்தாழ பதினைந்து வருஷம் ஓடி மறைந்தன. இடையில், 1674இல், பிரான்சுவா மர்த்தேன் நம் புதுச்சேரியில் வந்து இறங்கியிருந்தார். நம் ஊருக்குப் பிரெஞ்சுக்காரன் வந்த காலமும் பாரிஸில் பொது வண்டி ஓடிய காலமும் ஒன்றுதான் என்பது ஒரு கிளார்க் குறித்துவைக்கும் வகை விஷயம். வேறு சம்பந்தம் ஒன்றும் இல்லை.

பாரிஸ் தெருவில் மறுபடி பொது வண்டி ஓட 1828 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த முறை வந்த ஒம்னிபஸ் என்பதற்கு, லத்தீனில், எல்லாருக்கும் என்று பொருள். பெயரில் எல்லாரும் இருந்தார்கள். பிற்பாடு மேல்தட்டு வைத்த வண்டிகள் வந்தபோது உள்ளே உட்கார 30 சாந்தீம், மேலே காற்றிலும் மழையிலும் உட்கார 15. உள்ளே உட்கார்ந்தவருக்கு அதே டிக்கெட்டில் இன்னொரு வண்டிக்கு மாறும் உரிமையும் உண்டு. மேலே இருந்தவருக்கு இல்லை. தடை போய் விலை வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

உலகக் கண்காட்சி நடந்த 1900ஆம் வருஷம் ஜூலை 19ஆம் தேதி மெட்ரோ திறந்தார்கள். பியேன்வெனுயு என்ற பொறியாளர் கட்டிய முதல் தடம், போர்த் தெ வேன்சேனிலிருந்து போர்த் மயோ வரை. முதல் வகுப்பு 25 சாந்தீம், இரண்டாம் வகுப்பு 15. காலை 9 மணிக்குள் வாங்கினால், போகவும் வரவும் சேர்த்து இரண்டாம் வகுப்பில் 20 சாந்தீம். இந்தக் கடைசிச் சலுகைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்காட்சி பார்க்க வந்த வெளியூர்க்காரன் காலை 9 மணிக்குள் எழுந்து மெட்ரோ பிடிக்க மாட்டான். விடியலில் வேலைக்குப் போகிறவனுக்காக வைத்த விலை அது. 1662இல் ஏறவே கூடாது என்று தள்ளப்பட்ட கையுழைப்பாளிக்கு, 238 வருஷம் கழித்துத் தனிச் சலுகை!

ஒரே நேர்கோட்டில் வரலாறு முன்னேறியது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த 1942 ஜூனில், யூதர்கள் மெட்ரோவின் கடைசிப் பெட்டியில்தான் ஏற வேண்டும் என்று உத்தரவு வந்தது. டிக்கெட் அதேதான். நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம் தைத்திருந்தால் பெட்டி வேறு. முதல் வகுப்புப் பெட்டிகள் 1991 வரை நீடித்தன என்பது இன்னொரு விஷயம். சோஷலிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தும் பத்து வருஷம் ஆயிற்று அதை எடுக்க.

இனி என் குடும்பக் கதை கொஞ்சம் வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் ஆரஞ்சு அட்டை புரியாது.

எங்கள் பெரியப்பா சொல்தா. இந்தோசீனாவரை போய் வந்து பென்ஷன் வாங்கியவர். என் அப்பா உள்ளூரிலேயே ஆபீசில் கிளார்க். புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தியாவோடு சேர்ந்தாலும், ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. அவரவருக்குச் சோறு போட்ட இடம் எதுவோ அதன் பக்கம் நின்றார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா எதுவோ அதுவே நானும். பெரியப்பா மகனுக்குப் பதினைந்து. அவனும் அப்படியே பிரெஞ்சுக்காரன் ஆனான். ஒரே தாத்தாவின் பேரன்கள், ஒரே கிணற்றில் குளித்தவர்கள். 1970இல் அண்ணன் பாரிஸுக்குக் கப்பலேறினான். நான் பிற்பாடு அரசுப் பணிக்குத் தேர்வு எழுதினேன்.

அண்ணன் வடக்குப் புறநகரில், சார்செல் பக்கம் குடியேறினான். நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம். அந்தக் காலத்துக் கடிதங்களில் அவன் அதிகம் புலம்பியது குளிரைப் பற்றியல்ல, டிக்கெட்டைப் பற்றி. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பேருந்து, ஸ்டேஷனிலிருந்து ரயில், பாரிஸில் இறங்கி மெட்ரோ. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். பேருந்தில் தூரத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று டிக்கெட் வேறு. வேலைக்குப் போவதற்கே ஒரு சில்லறைப் பை வேண்டும் என்று எழுதியிருந்தான்.

அதற்கு 1975 ஜூலை 1ஆம் தேதி முடிவு வந்தது. கார்த் ஒரான்ஜ், அதாவது ஆரஞ்சு அட்டை. மாதத்துக்கு ஒரு தொகை. உங்கள் மண்டலங்களுக்குள் மெட்ரோ, பேருந்து, புறநகர் ரயில் எல்லாம் ஒரே சீட்டில், எத்தனை தடவை வேண்டுமானாலும். அட்டையில் போட்டோ, பெயர், ஒரு எண். கூடவே காந்தப் பட்டை போட்ட சிறிய கூப்பன். அதில் உங்கள் அட்டை எண்ணை நீங்களே எழுத வேண்டும். அடுத்தவருக்குக் கைமாற்றாமல் இருக்க அந்த ஏற்பாடு. பின்னர் வாராந்தரக் கூப்பனும் வந்தது. 1982இல் ஒரு சட்டம் போட்டு, வேலைக்கு வர ஆகும் அட்டைச் செலவில் பாதியை முதலாளியே தர வேண்டும் என்றார்கள். அண்ணன் தன் சம்பளச் சீட்டின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பி, அந்த வரியின் கீழ் கோடு போட்டிருந்தான். எங்கள் ஆபீசில் பயணப்படி பில் ஒன்று பாஸாக எத்தனை மேஜை ஏறி இறங்கும் என்பது அவனுக்குத் தெரியும். வயிற்றெரிச்சல் கிளப்பத்தான் அனுப்பினான்!

1997 அக்டோபரில் நான் முதல் தடவையாகப் பாரிஸ் போனேன். விமான நிலையத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று பாரி விசித் என்ற அட்டை வைத்திருந்தார்கள். அதைக் கையில் எடுத்தவனை அண்ணன் தடுத்தான். "டேய் தம்பி, அது வெள்ளைக்கார டூரிஸ்டுக்கு. நீ எங்களோட தங்கப்போறவன். உனக்கு ஊர்க்காரன் அட்டை." மறுநாள் திங்கட்கிழமை. ஸ்டேஷன் கவுன்ட்டரில் ஆரஞ்சு அட்டையைக் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்து மிஞ்சிய போட்டோவைக் கத்தரித்து ஒட்டினேன். குடியுரிமை என்ன, எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. வாராந்தரக் கூப்பன் வாங்கினேன். பிரான்ஸ் எனக்குக் கொடுத்த முதல் அடையாள அட்டை அதுதான், கடைசியும் அதுதான்.

மூன்றாம் நாள், கார் துய் நோர் ஸ்டேஷனில் பரிசோதகர்கள் மறித்தார்கள். அட்டையைக் காட்டினேன். கூப்பனில் நான் எண் எழுதியிருக்கவில்லை. தவறு என்னுடையது, அண்ணன் சொல்லியும் மறந்துவிட்டேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். நாற்பத்தேழு வயது அரசு ஊழியன், ஒரு படிவத்தில் எண்ணை நிரப்பாமல் மாட்டிக்கொண்டதை என் ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆரஞ்சு அட்டையின் இடத்துக்கு 2001 முதல் சில்லு வைத்த நவிகோ அட்டை வரத் தொடங்கி, 2009இல் பழைய பெயரும் கூப்பனும் மறைந்தன. 2015 செப்டம்பரில் இன்னும் பெரிய காரியம் ஒன்று நடந்தது. மாத அட்டைக்கு மண்டல வித்தியாசம் எடுக்கப்பட்டு, வட்டாரம் முழுவதற்கும் 70 யூரோ என்று ஒரே விலை ஆனது. அதுவரை நகரத்தின் நடுவில் வசதியாகக் குடியிருந்தவர் குறைவாகவும், வாடகை கட்டுபடியாகாமல் தூரத்தில் இருந்தவர் அதிகமாகவும் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த 1662–2015 கணக்கில் எனக்குப் பிடித்த தேதி இதுவே.

ஆனால் நகரத்துக்கு வேறு முகமும் உண்டு. 2024 ஒலிம்பிக் சமயத்தில், ஜூலை 20 முதல் செப்டம்பர் 8 வரை, 2.15 யூரோவாக இருந்த மெட்ரோ டிக்கெட் 4 யூரோ ஆனது. பார்வையாளருக்கான தனிப் பாஸ் ஒரு நாளைக்கு 16 யூரோ. மாத அட்டை வைத்திருந்த ஊர்க்காரருக்கு ஏற்றம் இல்லை. இதை நான் குறை சொல்ல மாட்டேன். திருவிழாவுக்கு வந்தவன் திருவிழாச் செலவைத் தரட்டும்.

நண்பரின் நோட்டுக்கு வருகிறேன். 2025இல் மெட்ரோ, ரயில் டிக்கெட் எவ்வளவு தூரத்துக்கும் 2.50 யூரோவாகவும், பேருந்து, டிராம் 2 யூரோவாகவும் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரே டிக்கெட்டில் மாற முடியாது. விமான நிலையத்துக்கு அந்த வருஷம் தனியாக 13 வாங்கினார்கள். வாராந்தர நவிகோ 2025இல் 31.60 ஆக இருந்தது, விமான நிலையமும் அதற்குள் அடக்கம். ஜனவரி தோறும் கொஞ்சம் ஏறும், ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது. அந்த 2025 விலையில் விமான நிலையம் போகவர 26, மெட்ரோவில் மூன்று தடவை 7.50. வார அட்டையின் விலை அங்கேயே தாண்டிவிட்டது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வாராந்தர அட்டை வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. திங்கள் முதல் ஞாயிறு வரை. வியாழக்கிழமை வரைதான் நடப்பு வாரத்துக்கு விற்பார்கள். வெள்ளிக்கிழமை கேட்டால் அடுத்த வாரத்துக்கு. நெட்டில் எல்லாரும் இதைத் திட்டியிருக்கிறார்கள் என்றார் நண்பர். எனக்கு இதில் கோபம் வரவில்லை. அந்த அட்டை திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவனுக்காகப் பிறந்தது. அவனுடைய வாரம்தான் அதன் வாரம். நாம் அவன் சட்டையை இரவல் வாங்கிப் போடுகிறோம். கை நீளம் சரியில்லை என்று சொல்லலாமா?

நண்பர் சனிக்கிழமை போய் அடுத்த வாரம் கழித்துத் திங்கட்கிழமை கிளம்புவதாக எழுதி வைத்திருந்தார். அப்படியானால் வார அட்டை இருந்தும் விமான நிலையத்துக்கு இரண்டு தடவையும் தலைக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றதால், வெள்ளிக்கிழமை இறங்கி, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஏறச் சொன்னேன். அதே பத்து நாள். முதல் மூன்று நாளுக்கு 2 யூரோ விலையுள்ள நவிகோ ஈசி அட்டையில் தேவைக்கு டிக்கெட் ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்று வேண்டும், கணவனும் மனைவியும் ஒரே அட்டையில் ஒன்றாகப் போக முடியாது. திங்கள் முதல் 5 யூரோ கொடுத்து வாங்கும் நவிகோ தேக்குவெர்த் அட்டையில் வாரச் சீட்டு. திரும்பும் ஞாயிறு அதற்குள் வந்துவிடும்.

மியூசியம் பாஸ் விஷயத்தில் என் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. 1988இல் தொடங்கிய இந்தப் பாஸ் இரண்டு நாள், நான்கு நாள், ஆறு நாள் என்று கிடைக்கிறது. ஐஃபல் கோபுரம் இதில் கிடையாது. லூவ்ருக்குப் பாஸ் இருந்தாலும் நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை லூவ்ர் விடுமுறை, திங்கட்கிழமை ஓர்சே விடுமுறை. போட்ட காசை எடுக்க ஒரு நாளைக்கு மூன்று இடம் ஓடினால்தான் கட்டுப்படியாகும். மனைவிக்கு முழங்கால் வலி என்று அவரே சொன்னார். ஓடாதீர்கள், இரண்டே இடம் தேர்ந்தெடுத்துத் தனி டிக்கெட் வாங்குங்கள் என்றேன். "பாஸ் இருந்தா ஒரு தைரியம் சார்" என்றார். அந்தத் தைரியத்துக்குத்தான் விலை வைக்கிறார்கள்.

1997இல் நானும் அண்ணனும் லூவ்ர் போனது, மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்ற முந்தைய வருஷ ஏற்பாட்டில். நான் இறங்கிய நாளே அது. தூக்கக் கலக்கத்தோடு இழுத்துப் போனான். வெளியே வந்து உட்கார்ந்தபோது அவன் சொன்னான், இந்த அரண்மனையை 1793இல் மக்களுக்குத் திறந்தபோது காசே கிடையாது என்று. பிற்பாடு சரிபார்த்தேன், உண்மைதான். 1922இல்தான் முதல் தடவையாக நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். அப்போதும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவைத்தார்கள். ராஜாவின் சொத்து ஜனங்களுடையது என்று புரட்சி சொன்ன வார்த்தை 129 வருஷம் கதவில் நின்றது.

இந்த 2026 ஜனவரி முதல் லூவ்ரில் இரண்டு விலை. ஐரோப்பியருக்கு 22 யூரோ, வெளியாருக்கு 32. இதை நண்பருக்குச் சொன்னபோது அவர் சாதாரணமாகக் குறித்துக்கொண்டார். தாஜ்மகாலில் நாமும் வெளிநாட்டுக்காரனிடம் பல மடங்கு வாங்குகிறோமே என்றார். நியாயம்தான். பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்பதும் நியாயம்தான். ஆனால் எனக்கு அது வேறு மாதிரி பட்டது. இரவு அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, இப்ப நாம லூவ்ர் போனா உனக்கு 22, எனக்கு 32."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. எண்பதை நெருங்குகிறான், காதும் மந்தம். மறுபடி சொல்லலாமா என்று நினைத்தபோது சிரித்தான்.

"எங்கப்பா கையெழுத்துப் போட்டாரு, சித்தப்பா போடல. அந்தக் கையெழுத்துக்கு இத்தனை நாளா நானே விலை கேட்டுக்கிட்டு இருந்தேன்டா தம்பி. பத்து யூரோன்னு இப்பத்தான் சொல்லியிருக்காங்க."

பிறகு அவன், நீ வா, அந்தப் பத்தை நான் தருகிறேன் என்றான். முழங்கால் இவனுக்கும் வலி, எனக்கும் வலி. பயணத்தைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. கிணற்றைத் தூர்த்துவிட்டார்களா என்று கேட்டான். தூர்த்தாயிற்று என்றேன்.

நேற்று நண்பர் மறுபடி வந்தார். வெள்ளிக்கிழமை விமானத்துக்கே டிக்கெட் எடுத்துவிட்டார்களாம். மேஜையில் கிடந்த என் ஆரஞ்சு அட்டையை எடுத்துப் பார்த்து, "இது இன்னும் செல்லுமா சார்? நான் கொண்டுபோகட்டுமா?" என்றார். செல்லாது, அதில் இருப்பது என் மூஞ்சி என்றேன். வார அட்டைக்கு அவருக்கும் போட்டோ வேண்டும், இரண்டரை சென்டிமீட்டர் அகலம், மூன்று சென்டிமீட்டர் உயரம் என்று சொல்லி, அளவை அவர் நோட்டில் வரைந்து கொடுத்தேன். எத்தனை காப்பி எடுக்கட்டும் என்று கேட்டார். ஆளுக்கு இரண்டு எடுங்கள், ஒன்று தொலைந்துபோகும் என்றேன்.